குடைராட்டினத்துக்கு இரண்டு பெயர்

ராட்டினம் ஒரு குலுக்கலோடு நகர்ந்தபோது சுகிர்தாவுக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, கொஞ்ச நேரம் கிடைத்துவிட்டது என்பதுதான். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வெளியே வரிசை நீளமாக இருந்தால் ராட்டினக்காரர் சீக்கிரம் நிறுத்திவிடுவார். கூட்டம் இல்லையென்றால் குழந்தைகள் போதும் போதும் என்கிற வரைக்கும் சுற்றவிடுவார். பாளையங்கோட்டைப் பொருட்காட்சியில் இன்றைக்கு நல்ல கூட்டம். டீசல் புகை, தண்ணீர் தெளித்த மண், பெரிய அப்பளம் பொரிகிற எண்ணெய், எல்லாம் சேர்ந்த ஒரு நெடி சுற்றுகிற காற்றில் வந்து முகத்தில் அப்பியது. அவள் ஒரு பழுப்புக் குதிரைமேல் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, குதிரையின் முதுகைத் துளைத்து இறங்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்து வெள்ளைக் குதிரையில் அவள் மகள் பெர்சி, மூன்றாம் வகுப்பு, கையில் விளக்கு எரிகிற பிளாஸ்டிக் வாள். கம்பித் தடுப்புக்கு வெளியே அவள் கணவர் ஜெபசிங் நின்றார். அவர் பக்கத்தில் பள்ளிக்கூடத் தாளாளர் பாக்கியநாதனும் அவர் மனைவி வயலெட் அம்மாவும். ஜெபசிங் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு சுகிர்தாவுக்குத் தெரியும். கண் வரைக்கும் ஏறாத சிரிப்பு. உதடு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிற சிரிப்பு. வரிசையில் நிற்கும்போது பெர்சி கேட்ட கேள்வியில் வந்த வினை. "அப்பா, புக்குல கேரசல்னு போட்டிருக்கு. மிஸ் மெரி-கோ-ரவுண்டுன்னு சொல்லுதாங்க. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?" ஜெபசிங் ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர். பாக்கியநாதன் தன் பள்ளிக்கூடம் முழுக்க அந்த வகுப்பை அவர் கையில் கொடுக்கப்போகிறார், அதைப் பேசி முடிக்கத்தான் இன்றைக்குக் குடும்பத்தோடு கிளம்பி வந்தது. அதனால் ஜெபசிங் தாளாளர் காதில் விழுகிற மாதிரி குரலை உயர்த்தி, "வேற வேறம்மா. கையால தள்ளிச் சுத்துறது மெரி-கோ-ரவுண்ட். கரண்டுல சுத்துறது கேரசல். மெரி-கோ-ரவுண்டுங்கிறது நம்ம ஊர் இங்கிலீஷ். வெள்ளக்காரன் கேரசல்னுதான் சொல்லுவான்" என்றார். சுகிர்தா வாயைத் திறந்திருக்க வேண்டாம். ஆனால் மகள் பரீட்சையில் தப்பாக எழுதிவிடுவாளே என்று நாக்கு முந்திக்கொண்டது. "இல்லங்க, வெள்ளக்காரங்கதான் மெரி-கோ-ரவுண்டும்பாங்க. அமெரிக்காவுல கேரசல்ம்பாங்க. சாமான் ஒண்ணுதான்." பாக்கியநாதன் தொந்தி குலுங்கச் சிரித்தார். "சிங் சார், வீட்டுலயே ஒரு புரபசர வச்சிக்கிட்டு ஒங்களுக்கு எதுக்கு ஸ்கூலு? பேசாம அம்மாவையே எங்களுக்கு அனுப்பி வையுங்க." ஜெபசிங்கும் சிரித்தார். "போ, பிள்ளயோட ஏறு. விழுந்துறப் போறா" என்று சுகிர்தாவின் முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளினார். அந்த மெதுவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குதிரை மேலே போனது, கீழே வந்தது. தடுப்பு கண்ணில் பட்டது, அவர் முகம், வயலெட் அம்மாவின் பச்சைச் சேலை, பிறகு வளையல் கடை, மரணக் கிணற்றுக் கூடாரம், பிறகு ஒரு இருட்டு, மறுபடி தடுப்பு, மறுபடி அவர். எதற்காகச் சொன்னேன்? சொன்னது சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். சரியில்லாவிட்டால் இறங்கியதும் தாளாளர் முன்னால், நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் தப்பா சொல்லிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் ஒருவேளை இன்றைக்கு அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றாமல் இருக்கலாம். அவள் யோசித்தாள். பூங்காவில் குழந்தைகள் நின்றபடி காலால் உந்திச் சுற்றுகிற இரும்புத் தட்டு இருக்கிறதே, குதிரையும் கிடையாது கூரையும் கிடையாது, அமெரிக்காவில் அதைத்தான் மெரி-கோ-ரவுண்ட் என்கிறார்கள். அங்கே குதிரை வைத்த பெரியது கேரசல். அப்படிப் பார்த்தால் கையால் தள்ளுவது அது, கரண்டில் சுற்றுவது இது, அவர் சொன்னதில் பாதி சரி. பாதி சரியென்றால் பாதி அடி குறையுமா? அப்படி ஒரு கணக்கு அவரிடம் கிடையாது. இன்னும் யோசி. விமான நிலையத்தில் பெட்டிகள் வட்டமாக வருகிற பட்டை, அதை கேரசல் என்பார்கள், மெரி-கோ-ரவுண்ட் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலை, ஆஸ்பத்திரியிலிருந்து கோர்ட்டு, கோர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரி என்று முடிவில்லாமல் அலைந்தால் அதை மெரி-கோ-ரவுண்ட் என்பார்கள். ஆக இரண்டும் ஒன்றில்லை. ஒன்று என்று சொன்னது தப்பு. தப்புதான், நான்தான் தப்பு, என்று ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிச் சந்தோஷம்கூட வந்தது. உடனே அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே அருவருத்தது. மெரி என்றால் சந்தோஷம். சந்தோஷமாகச் சுற்று. அவள் எம்.ஏ. முடித்தது, கல்லூரியில் வேலைக்கு ஆர்டர் வந்தது, அவர் பார்த்துவிட்டு, வீட்டுல எனக்கு மெட்டீரியல் தயார் பண்ணிக் குடு, அது போதும் என்றது, அவருடைய பாடமெல்லாம் அவள் எழுதினது, அவர் கரும்பலகையில் எழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும் முந்தின நாள் அவள் அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்தது. கேரசலைப் பற்றி மட்டும் அவள் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. இப்போது கிடைத்த பதிலை இறங்கினதும் சொல்வதா வேண்டாமா? சொன்னால், நாலு பேர் முன்னால எனக்கே பாடம் எடுக்கியா என்பார். சொல்லாவிட்டால், நாலு பேர் முன்னால என்னை முட்டாளாக்கிட்டு வாயை மூடிக்கிட்டியே என்பார். எந்தப் பக்கம் போனாலும் அங்கே அவர் கை இருந்தது. தடுப்பு வந்தது. அவர் கையசைத்தார். அவளும் அசைத்தாள்.

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கழற்றி அலமாரியில், அதற்கென்று இருக்கிற இடத்தில், பட்டையை மடக்கி வைப்பார். அவள் மேல் பட்டு அது கெட்டுவிடக் கூடாது. பிறகு டிவி சத்தத்தைக் கூட்டுவார். பெர்சி, போய் படு என்பார், பெர்சி போய்ப் படுப்பாள், கதவு சாத்தப்படும். அப்புறம்தான் அவள் பக்கம் திரும்புவார். கோபம் கண் மண் தெரியாமல் வருகிறது என்று மற்ற பெண்கள் தங்கள் புருஷன்மாரைப் பற்றிச் சொல்லும்போது சுகிர்தாவுக்குப் பொறாமையாக இருக்கும். இவருக்குக் கண்ணும் தெரியும், மண்ணும் தெரியும். சேலை மறைக்கிற இடம் எது, ஜாக்கெட் மறைக்கிற இடம் எது என்று பார்த்து அடிக்கிறவர். முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நெற்றியைச் சுவரில் மோதினால் வீங்கும், ஆனால் முன்முடி மறைத்துவிடும். வலது சுண்டுவிரல் கதவிடுக்கில் நசுங்கினது, ஆஸ்பத்திரியில் அவரே டாக்டரிடம், ரொம்ப கேர்லெஸ் டாக்டர் இவ என்று சொன்னது. அந்த விரல் இப்போதும் மடங்காது, கம்பியைப் பிடித்திருக்கிற கையில் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. அடியைவிட அவளுக்குப் பயம் அதற்குப் பிறகு வருவதுதான். "சொல்லு. ஸாரி சொல்லு. ஃபுல் சென்டன்ஸ்ல சொல்லு." அவள் சொல்வாள். வாய் கோணிப்போய் ஒரு எழுத்து சரியாக வராவிட்டால், "ப்ரொனன்ஸியேஷன்" என்பார், இன்னொன்று விழும். வகுப்பில் மாணவர்களிடம் அவ்வளவு பொறுமையான மனுஷன். ஒரு தடவை ஒரு சொல்லுக்கு அர்த்தம் அவர் சொன்னது தப்பு என்று அவள் சொல்லி, அகராதியைப் பார்த்தால் அவள் சொன்னதே சரியாக இருந்தது. அவர் அமைதியாக அகராதியை மூடினார். மூடின அதே கையால் அதைத் தூக்கி அவள் இடது காதோடு சேர்த்து வீசினார். தடிமனான புத்தகம், துணி அட்டை, தழும்பு விழவில்லை. அன்றிலிருந்து அந்தக் காதில் ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்போதும் ராட்டினத்து ஒலிபெருக்கியில் போடுகிற பாட்டு வலது காதில்தான் கேட்டது, இடது காதில் வண்டு. தடுப்பு வந்தது. பாக்கியநாதன் ஏதோ சொல்ல, ஜெபசிங் தலையை ஆட்டியபடி இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டிருந்தார். கடிகாரம் இருக்கிற இடம். சும்மா தடவுகிறாரா, அல்லது இப்போதே அதை யோசிக்கிறாரா? குதிரை கீழே இறங்கியது.

மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கின. பலகைச் சுவரில் அவை ஏறுகிற சத்தம் தரை வழியாக வந்து குதிரையின் வயிற்றில் அதிர்ந்தது. கேரசல். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று அவள் ஒரு புத்தகத்தில் வாசித்திருக்கிறாள். அது விளையாட்டுச் சாமானின் பெயரே இல்லை, சண்டையின் பெயர். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் குதிரைவீரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பாய்கிற குதிரைமேலிருந்து ஒருத்தரை ஒருத்தர் மண் உருண்டையால் எறிந்துகொள்வார்களாம். பின்னால் ராஜாக்கள் அதைத் திருவிழாவாக்கினார்கள். பின்னால் வீரர்கள் பழகுவதற்கென்று மரக்குதிரைகளைக் கம்பத்தில் கட்டிச் சுற்றவிட்டு, சுற்றிவரும்போதே ஈட்டியால் ஒரு வளையத்தைக் குத்தி எடுக்கச் சொன்னார்கள். இந்தக் குழந்தைகளெல்லாம் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான். குத்திப் பழகுகிற குதிரை. மெரி-கோ-ரவுண்ட் என்று கூப்பிட்டால் சிரிப்பு, கேரசல் என்று கூப்பிட்டால் குத்து, ஒரே சாமான், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம் என்று அவள் நினைத்தாள். வெளியே தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எல்லாருக்கும் இது மெரி-கோ-ரவுண்ட். அவர்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, நல்ல ஜோடி என்று சொல்லிப் போகிறவர்கள். அவள் கை கம்பியை இறுக்கியது. இந்தக் கம்பி கழன்று வருமா? முறுக்கினால் வரலாம். முனை கூராக இருக்காது, ஆனால் வேகம் இருக்கிறதே. ராட்டினத்தின் வேகம் முழுக்க கையில் இருக்கும். தடுப்பு வரும்போது கம்பியை நீட்டிப் பிடித்தால் போதும், அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், ராட்டினமே குத்திவிடும். வளையம் தொங்க வேண்டிய இடத்தில் அந்தச் சிரிப்பு. வாய்க்குள் போகும். பல் உடையும், முன்பற்கள் இரண்டு, மேல்வரிசை, அவர் வகுப்பில் உச்சரிப்புக்காக நாக்கை வைத்துக் காட்டுகிற அதே பற்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் விழுவார், விரலிடுக்கில் ரத்தம் வரும், அடுத்த சுற்றில் அவள் கேட்பாள், சொல்லுங்க, ஃபுல் சென்டன்ஸ்ல சொல்லுங்க. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு கால் பெருவிரல்வரைக்கும் உயிர் இருப்பதுபோல் இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆண்டவரே, நான் என்ன நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற நான். அவர் சொல்வது நிஜம்தானோ? உனக்குள்ள ஒரு பேய் இருக்குட்டி, அதத்தான் நான் அடிக்கேன், ஒன்னய இல்ல, என்பாரே. அந்தப் பேய் இதுதானோ? அல்லது இந்த வீட்டில் ஒருத்தர் கையில்தான் இதுவரை கம்பு இருந்தது, கொடுத்தால் எல்லாரும் இப்படித்தான் வீசுவோமோ? நான் வீசுவேன். பார்த்துக்கொண்டே இருந்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

டப் என்று ஒரு சத்தம் வலது காதில் விழுந்தது. மறுபடி டப். ராட்டினம் பழசு, ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து சுகிர்தா திரும்பினாள். பெர்சி குதிரையின் கழுத்தில் வாளால் அடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் குதிரையை விரட்டுகிற மாதிரி இல்லை. அப்படியென்றால் ஹை, ஹை என்று கத்துவார்கள், வேகம் போதாது என்று குதிப்பார்கள். பெர்சி கத்தவில்லை. இடது கையால் குதிரையின் பிடரியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வதுபோல் வைத்து, வலது கையால் ஒரே இடத்தில், நிதானமாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு அடித்தாள். வாள் ஒவ்வொரு அடிக்கும் சிவப்பாக மின்னியது. உதடு அசைந்தது. சுகிர்தா கம்பியைப் பிடித்தபடி நல்ல காதைச் சாய்த்தாள். "இனி பேசுவியாட்டி?" டப். "நாலு பேர் முன்னால பேசுவியா?" டப். "அழாத. அழுதா இன்னும் விழும்." டப். குரலைக்கூட அவள் உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதில்லை. டிவி சத்தம், சாத்தின கதவு, போர்வைக்குள் மகள், காலையில் எழுந்து அம்மா முகத்தைப் பார்க்காமலே பல் தேய்த்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புகிற மகள், ஒன்றும் தெரியாது பிள்ளைக்கு, நல்லவேளை, நன்றாகத் தூங்கிவிடுகிறாள் என்று எத்தனை நாள் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறாள். "பெர்சி" என்று கூப்பிட்டாள். பெர்சி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் விஷமமும் இல்லை, பயமும் இல்லை. "இது சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கும்மா" என்றாள். அவர் சொல்கிற அதே அலுப்போடு சொன்னாள். சுகிர்தாவுக்குக் கம்பியிலிருந்து கை நழுவியது. கேரசலா மெரி-கோ-ரவுண்டா, பாதி சரியா முழுக்கச் சரியா, எப்படிச் சொன்னால் கோபம் தணியும் என்று இவ்வளவு நேரம் மண்டைக்குள் உருட்டிக்கொண்டிருந்ததெல்லாம் எங்கேயோ போய் விழுந்தது. இவள் பெரியவளாகி ஒருத்தனிடம் இப்படி வாங்குவாள். அல்லது இப்படிக் கொடுப்பாள். பாதை போட்டாயிற்று. போட்டது அவர் மட்டுமா? கதவுக்கு இந்தப் பக்கம் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டு நின்றவளுக்கும் அதில் பங்கு உண்டு. ராட்டினம் வேகம் குறைந்தது. தடுப்பு மெதுவாக வந்தது, அவர் முகம் மெதுவாக வந்தது, இந்தத் தடவை கடந்து போகவில்லை. ராட்டினம் அவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

இறங்கும்போது அவளுக்குத் தலை சுற்றியது. பெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு படிப்பலகையில் காலை வைத்தாள். ஜெபசிங் வந்து அவள் மேல்கையைப் பிடித்துக்கொண்டார், பார்க்கிறவர்களுக்குத் தாங்கிப் பிடித்த மாதிரி. கட்டைவிரல் மட்டும் போன வாரம் கன்றிப்போன இடத்தைத் தேடிப்பிடித்து அழுந்தியது. "மயக்கமா வருதா? வா, கெளம்பலாம். வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார் சிரித்தபடி. அவள் வயலெட் அம்மாவைப் பார்த்தாள். அதிகம் பேசாத மனுஷி, கனமான உடம்பு, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள் சுகிர்தா. "இவுக இன்னைக்கு என்னைய அடிப்பாக. வீட்டுக்குப் போன ஒடனே."

சோறு ஆயிற்றா என்று கேட்கிற குரலில்தான் அது வந்தது. பாக்கியநாதன் சிரிக்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜெபசிங் சத்தமாகச் சிரித்தார். "பாத்தீங்களா சார், இவளுக்கு ஜோக்கு அடிக்க நேரங்காலமே கிடையாது."

"ஜோக்கு இல்லம்மா. அந்த வார்த்தைக்கு நான் அர்த்தம் சொன்னேன்லா, அதுக்கு அடிப்பாக. போன வாரமும் அடிச்சாக. இந்தக் காது எனக்குக் கேக்காது. இந்த வெரலப் பாருங்க. கதவுல வச்சு நசுக்குனது."

"வாய மூடு" என்றார் ஜெபசிங், பல்லுக்குள்.

"மூட மாட்டேன்."

அடி விழுந்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. சேலை மறைக்கிற இடமும் பார்க்கவில்லை. புறங்கை வாயோடு விழுந்து, கடிகாரத்து விளிம்பு உதட்டைக் கிழித்தது. அவள் தடுப்பில் போய் இடித்துக்கொண்டு நின்றாள், விழவில்லை. பஞ்சுமிட்டாய்க்கு நின்ற கூட்டம் திரும்பியது. யாரோ ஒரு பெண் "ஏ யய்யா!" என்று அலறினாள். ஜெபசிங் தன் கையையே பார்த்தார். இவ்வளவு வெளிச்சத்தில் அந்தக் கையை அவரே இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. பிறகு, "ஸாரி சார், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று பாக்கியநாதனைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்து இல்லை.

பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார். "சரி, சரி, பப்ளிக்ல எதுக்கு? புருஷன் பெண்டாட்டின்னா எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். வீட்ல போயி..."

"நீங்க பேசாதீங்க" என்றாள் வயலெட் அம்மா. அவர் திடுக்கிட்டுத் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து சுகிர்தாவின் வாயில் வைத்து அழுத்தினாள். அந்தக் கையில், முழங்கைக்கு உள்பக்கம், சுருட்டு நுனி அகலத்தில் பழைய வடு ஒன்று இருந்தது. "நடப்பியாம்மா? முன்வாசல்ல போலீஸ் ஒக்காந்திருக்கு. நான் வாரேன். கண்ணால பாத்தேன்னு நானும் சொல்லுதேன்."

ஜெபசிங் பெர்சியின் தோளைப் பிடித்தார். "பிள்ள எங்கூட வரட்டும்." பெர்சி அசையாமல் நின்றாள். அம்மாவின் தாடையில் வழிந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வாள் நழுவி மண்ணில் விழுந்து, அங்கேயே மின்னி மின்னி எரிந்தது. சுகிர்தா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மகள் தோளை விடுவித்தாள். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதால் அந்த விரல்கள் பிரிந்து கொடுத்தன. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. மூன்று பேரும் கூட்டத்துக்குள் நடந்தார்கள். திரும்பு, திரும்பிப் போய்க் காலில் விழு, இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று ஒரு குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தது. வேலை கிடையாது, அப்பா உயிரோடு இல்லை, அண்ணன் வீட்டில் அண்ணிக்குப் பிடிக்காது, இன்றைக்கு எங்கே படுப்பது, நாளைக்குப் பெர்சிக்கு யூனிஃபார்ம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. பின்னால் அவர் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. "சுகி, சொல்றதக் கேளு. சுகி, ப்ளீஸ்."

முன்வாசல் பக்கத்தில் மேஜை போட்டு ஒரு பெண் காவலர் உட்கார்ந்திருந்தாள். காணாமல்போன பிள்ளை யாருடையது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ரத்தத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னம்மா, விழுந்துட்டியா?"

விழுந்துட்டேன் என்று சொல்லித்தான் நாக்குக்குப் பழக்கம். வழுக்கிட்டு, இடிச்சுக்கிட்டேன், கதவு பட்டுட்டு. ஒரு கணம் நாக்கு அந்தப் பக்கம்தான் திரும்பியது. சுகிர்தா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இல்ல. என் புருஷன் அடிச்சது."

"எங்க அந்த ஆளு?"

அவள் கையை நீட்டினாள். "அந்தா நிக்கான்" என்றாள். காவலர் மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கையை அவள் கீழே இறக்கவில்லை.